கீழ்வீட்டில் விழுந்த ஜிகினா

மீன் பிடிக்கத் தெரியாதவர்கள் உட்கார்ந்து மீனுக்குப் பூச்சி செய்கிற தொழில் எங்களுடையது.

தூண்டில் முள்ளை மேசைமேல் ஒரு சின்னப் பிடியில் இறுக்கி வைத்து, மெழுகு தடவிய நூலால் கோழி இறகையும் முயல் முடியையும் அதன்மேல் சுற்றிக் கட்ட வேண்டும். பார்த்தால் தண்ணீரில் விழுந்த ஈ மாதிரியோ, அப்போதுதான் சிறகு முளைக்கிற புழு மாதிரியோ இருக்க வேண்டும். ஒரு நிஜப் புழுவைக் குத்தினால் முடிகிற காரியத்துக்கு வெளிநாட்டுக்காரர்களுக்கு இவ்வளவு கைவேலை எதற்கு என்று நான் ஒரே ஒரு முறை கேட்டேன். எங்கள் முதலாளி டென்னிஸ் சார் அன்று மதியம் வரை என்னோடு பேசவில்லை.

விவேக் நகரில், சர்ச்சுக்குப் பின்பக்கச் சந்தில், ஒரு மாடி அறைதான் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் நானும் ரெஜினாவும். கீழ்வீட்டில் வீட்டுச் சொந்தக்காரர் சரோஜம்மாவும், அவருடைய பழுப்பு நிறப் பொமரேனியன் நாய் ஜிம்மியும். இந்த நாலு ஜீவன்களையும் ஒரே பொருள் ஆட்டிவைத்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். மரத்தூள், சிமெண்டு, மைதா மாவு, பிறர் தலைமுடி என்று ஏதாவதொன்றை உடம்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவராக நீங்கள் இருந்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே சாதி. உங்களிடம் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

ஃபேனை நிறுத்தாத முதலாளி

ஜனவரியில் டென்னிஸ் சார் எங்களை உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். நாங்கள் கட்டுகிற பழுப்புப் பூச்சிகளுக்கு ஆர்டர் குறைந்துவிட்டது. கனடாவிலிருந்து புதிதாக ஒருவர் கேட்கிறார்; ஆனால் அவருக்கு வேண்டியது மினுமினுக்கிற பூச்சி. சாம்பிள் அவருக்குப் பிடித்தால் வருஷம் முழுக்க வேலை. பிடிக்காவிட்டால் அறையைக் காலி செய்துவிட வேண்டியதுதான். இந்த வேலைக்கு முன்னால் நான் ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் இருந்தேன். விடியும் முன்னே கம்பெனி பஸ், இருட்டிய பிறகு வீடு. இங்கே வந்த பிறகுதான் மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருகிற என் மகளுக்கு நானே கதவைத் திறக்கிறேன். அந்தக் கதவைத் திறக்கிற உரிமையை ஒரு மீன் தீர்மானிக்கும் என்று நான் எங்கே நினைத்தேன்?

பிப்ரவரியில் பொருள் வந்தது. கையகலப் பாக்கெட், மயில்கழுத்து நிறம். தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் இழைகள், ஒவ்வொன்றும் தனியாக மின்னுகிறது. அதற்கு டப்பிங் என்று பெயராம். சிட்டிகை எடுத்து மெழுகு நூலில் திரித்து, அந்த நூலை முள்ளில் சுற்றினால் பூச்சிக்கு உடம்பு வரும் என்று சொல்லிக்கொண்டே சார் பாக்கெட்டைக் கிழித்தார். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் சொல்லி முடிக்கவில்லை. கால்வாசிப் பாக்கெட் எழும்பியது. சாருடைய வழுக்கையில், ரெஜினாவின் இமையில், என் தண்ணீர் பாட்டிலில், சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தில் என்று எல்லா இடத்திலும் நிதானமாக இறங்கியது. ரெஜினா மர்பி டவுன்காரி. எதற்கும் அசர மாட்டாள். ஒரு இழையை நாக்கிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இன்னா சார், இது மீனுக்கா, மீன் வீட்டுக் கல்யாணத்துக்கா?"

நாங்கள் அன்றிலிருந்து அதை ஜிகினா என்றே கூப்பிடுகிறோம்.

சாம்பல் புதன்

ஜிகினாவின் குணத்தை முதல் வாரத்தில் நான் முழுசாகப் புரிந்துகொள்ளவில்லை. குளித்தால் போய்விடும் என்று நம்பினேன். அது குளித்தால் போவதில்லை. உங்கள் உடம்பில் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் குடிபோகும், அவ்வளவுதான்.

தவக்காலம் ஆரம்பிக்கிற சாம்பல் புதனன்று வேலைக்குப் போகிற வழியில் கோயிலுக்குப் போனேன். சாம்பல் பூச வரிசை நின்றது. ஆபீஸுக்கு நேரமாகிறது என்று ஆளுக்கு ஆள் இடித்துக்கொண்டதில், நான் வரிசையின் முன்பக்கம் வந்து சேர்ந்துவிட்டேன். ஃபாதர் கட்டைவிரலைச் சாம்பலில் தொட்டு என் நெற்றியில் சிலுவை போட்டார். பிறகு அதே விரலை மறுபடி கிண்ணத்தில் வைத்தார்.

பூசை முடிந்து வெளியே வந்து பார்த்தால், எனக்குப் பின்னால் நின்ற ஜனமெல்லாம் வெயிலில் நெற்றி மின்ன நடந்து போகிறது. துக்கத்தின் அடையாளமாகப் பூசின சாம்பல், மயில்கழுத்து நிறத்தில் டாலடிக்கிறது. இரண்டு மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துப் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு பெரியவர் தன் பேத்தியை போட்டோ எடுக்கச் சொன்னார். நான் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு சுவர் ஓரமாக நழுவினேன். ஆனால் என் முந்தானையும் மின்னிக்கொண்டிருந்தது. ஃபாதர் கண்டுபிடித்துவிட்டார். கோபப்படவில்லை. தன் கட்டைவிரலை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டிவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"பிலோமினா, மனந்திரும்புங்க, ரொம்ப நல்லது. ஆனா அடுத்த வருஷம் வரிசையில கடைசியா நின்னு திரும்புங்க."

நீல ஸ்வெட்டர்

என் வீட்டுக்காரர் அந்தோணி கோரமங்களாவில் ஒரு அப்பார்ட்மெண்டில் செக்யூரிட்டி. கம்பெனி கொடுத்த கருநீல ஸ்வெட்டர். கருநீலமும் கம்பளியும் சேர்ந்தால் ஜிகினாவுக்கு அதைவிட நல்ல ஊர் கிடையாது. அந்த ஸ்வெட்டரும் என் வேலைச் சேலையும் ஒரே ஆணியில் தொங்கினது என் தப்பில்லை. எங்கள் வீட்டில் இருப்பதே ஒரு ஆணி.

மனுஷன் கேட்டில் நின்றால் ஒவ்வொரு கார் வெளிச்சத்துக்கும் மார்பு பளபளவென்கிறது. நான் பயந்தேன், வேலைக்கு ஏதாவது பங்கம் வருமோ என்று. நாலாம் நாள் வீட்டுக்கு வந்து, பத்தாவது மாடி மேடம் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிச் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். பெருமையா வருத்தமா என்று அவர் முகத்தில் எனக்குத் தெரியவில்லை:

"செக்யூரிட்டி, இனிமே இந்த ஸ்வெட்டரையே போடுங்க. இருட்டுல நீங்க எங்க நிக்கிறீங்கன்னு இப்பத்தான் தெரியுது."

சாட்சி

சரோஜம்மா விஷயத்துக்கு வருகிறேன். மைசூர்ப் பக்கத்துக்காரர். இந்தச் சந்தில் முப்பது வருஷமாகத் தமிழர்கள் நடுவில் இருந்து, தமிழைக் கன்னடத்தில் பேசுவார். கணவர் இல்லை. ஒரே மகன் கனடாவில் இருக்கிறான். மற்றபடி அவருக்கு ஜிம்மி, ஜிம்மிக்கு அவர்.

எங்கள் அறை ஜன்னலுக்கு நேர் கீழே அவருடைய முற்றம். நாங்கள் மேசையைத் தட்டினால், துணியை உதறினால், ஏன், பெருமூச்சு விட்டால்கூட ஜிகினா அங்கேதான் இறங்கும். ஏப்ரலில் அவர் முற்றத்தில் சண்டிகை போட்டார். நம் கூழ்வடகம்தான், அவர் ஊர்ப் பெயர் அது. வெள்ளைத் துணி விரித்து, காலையெல்லாம் குனிந்து பிழிந்து, மதியம் திருப்பிப் போடப் போனால் வடகம் முழுக்க வானவில். ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார். பின்னாலேயே ஜிம்மி. அதன் முதுகும் மின்னியது.

"நோடி, இங்க பாருங்க பிலோமினா, இதைப் பொரிச்சா யாரு தின்னுவாங்க?" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். ரெஜினா, பொரித்தால் உருகிவிடும் என்று உதவி செய்தாள். சரோஜம்மா அவளைப் பார்த்த பார்வையில் அறையே உருகியது.

மறுநாளிலிருந்து அவர் ஒரு காரியம் செய்தார். காலையும் மாலையும் முற்றத்தையும் கூடத்தையும் பெருக்கி, கிடைத்த ஜிகினாவை எல்லாம் ஒரு பெரிய ஊறுகாய் பாட்டிலில் போட்டுச் சேர்க்க ஆரம்பித்தார். தூசி, ஜிம்மியின் முடி, விளக்குமாற்றுக் குச்சி எல்லாம் சேர்ந்துதான். நான் தண்ணீர் பிடிக்க இறங்கும்போதெல்லாம் ஜன்னல் திட்டில் அந்த பாட்டில் நிற்கும். நாளுக்கு நாள் நிரம்பும். ஒரு நாள் தாங்க முடியாமல், எதற்கம்மா இது என்று கேட்டேன். மூடியை ஒரு திருகு இறுக்கிவிட்டுச் சொன்னார்:

"இதெல்லாம் சாட்சி. சண்டே வீடியோ கால்ல மகனுக்குக் காட்டறேன். அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த நாளே நீங்க காலி."

பார்த்துவிட்டுப் போன மீன்

எங்களிடம் நேரில் வந்து பூச்சி வாங்குகிற வாடிக்கையாளர் ஒரே ஒருவர்தான். பெயர் கார்த்திக், கோயம்புத்தூர்ப் பையன், ஐ.டி. கம்பெனியில் வேலை. சனிக்கிழமையானால் ஊருக்கு வெளியே காசு கட்டி மீன் பிடிக்கிற ஒரு குளத்துக்குப் போய்விடுவார். வாரம் முழுக்க கம்ப்யூட்டரைப் பார்த்த கண்ணுக்குத் தண்ணீரைப் பார்த்தால் நல்லது என்பார். பிடித்த மீனைத் திருப்பித் தண்ணீரிலேயே விட்டுவிடுவாராம். குழம்புக்கு ஒன்றாவது கொண்டு வரக் கூடாதா என்று ரெஜினா ஒவ்வொரு வாரமும் கேட்பாள்.

கனடா சாம்பிளுக்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் பார்க்கலாமே என்று, ரெஜினா கட்டின ஜிகினாப் பூச்சி இரண்டை அவரிடம் சும்மா கொடுத்தனுப்பினோம். சனி முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மகளுக்குச் சாதம் போடும்போதுகூட அந்தக் குளத்து மீனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடி தாயே, ஒரே ஒரு கடி. திங்கள்கிழமை அவர் ஆபீஸ் போகிற வழியில், ஹெல்மெட்டைக் கழற்றாமலே மாடியேறி வந்தார். மீன் வந்ததா என்று கேட்டோம். வந்ததாம், பெரிய மீனாம். அப்புறம்?

"பக்கத்துல வந்துச்சுங்க்கா. சுத்திச் சுத்திப் பாத்துச்சு. நகைக் கடைக்குள்ள வந்துட்டு வெலையக் கேட்டுட்டுப் போறவங்க மாதிரி, பேசாமப் போயிருச்சுங்க."

கல்யாணப் பூச்சி

அப்போதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. காரணம் சொல்கிறேன்.

ரெஜினா இங்கே வருவதற்கு முன்னால் சிவாஜி நகரில் கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை செய்துகொண்டிருந்தவள். ஊசியில் ஜமிக்கியும் மணியும் கோத்து முதுகு முழுக்க மயில் போடுகிற வேலை. அந்தத் தொழிலில் துணி தெரிந்தால் தோல்வி. ஒரு இடம் காலியாக விட்டால் பெண் வீட்டார் கடைக்கு வந்து சத்தம் போடுவார்கள். நானோ கார்மெண்ட்ஸில் பிசிறு வெட்டும் பகுதியில் இருந்தவள். சட்டையில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் அன்று சூப்பர்வைசர் வாயில் நான்தான். இப்போது யோசித்துப் பாருங்கள். சாம்பிளுக்குப் பூச்சி கட்டினது அவள், கடைசியாகச் சரிபார்த்தது நான். டென்னிஸ் சார் அந்த வாரம் மங்களூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

ரெஜினா சிட்டிகை எடுக்கிற இடத்தில் கைப்பிடி எடுத்தாள். வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் கஞ்சத்தனமாகவா அனுப்புவது என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒவ்வொரு பூச்சியும் நெருக்கமாக, அழுத்தமாக, சோளக்கொண்டை மாதிரி வந்தது. அதற்கு மேல் நான் கத்தரியை எடுத்து ஒரு பிசிறு விடாமல் வழித்தேன். மூன்று டஜனையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அவ்வளவு அழகு. பாக்கெட்டும் காலி. பரவாயில்லை, ஆர்டர் வந்தால் பாக்கெட் வரும் என்று சொல்லிக்கொண்டோம்.

மே மாதக் கடைசியில் பதில் வந்தது. டென்னிஸ் சார் செல்போனைத் தூரப் பிடித்துக்கொண்டு வாசித்து, தமிழிலும் சொன்னார். சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்:

"உங்கள் பூச்சிகள் மிகவும் அழகாக இருக்கின்றன. என் மனைவி இரண்டை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாள். தயவுசெய்து மீனுக்கு வேறு அனுப்புங்கள்."

தேடுதல் வேட்டை

கனடாக்காரர் இன்னொரு வாய்ப்பு கொடுத்திருந்தார், நல்ல மனுஷன். ஜிகினா குறைவாக, நடுவில் மங்கலான முடி கலந்து, இழைகள் கலைந்து நிற்கும்படியாக ஒரு டஜன். பத்து நாளில் அவர் கையில் இருக்க வேண்டும். புதுப் பாக்கெட் வர ஒரு மாதமாகும் என்று விற்பவர் கையை விரித்துவிட்டார். இருந்த முயல் முடியும் சாயம் ஏறாத வெள்ளை. அது ஒத்து வராது என்றார் சார். சொல்லிவிட்டு அவர் அறைச் சாவியை மேசையில் வைத்து, எடுத்து, திரும்ப வைத்தார். எனக்கு ஓசூர் ரோடு பஸ்ஸின் ஹாரன் காதிலேயே கேட்டது.

ரெஜினாதான் ஆரம்பித்தாள். "நாலு மாசமா ஊர் பூரா விதைச்சிருக்கோமேக்கா, போய் அறுத்துட்டு வரலாம்" என்றாள். அந்தோணியின் ஸ்வெட்டரை மேசையில் விரித்து, பேன் சீப்பால் வாரினோம். அவர் பனியனோடு உட்கார்ந்து, மேடத்துக்கு என்ன பதில் சொல்வேன் என்று புலம்பினார். மாதா படச் சட்டத்திலிருந்து கொஞ்சம், ஃபேன் இறக்கையிலிருந்து கொஞ்சம், ரெஜினாவின் மிதியடியிலிருந்து கொஞ்சம். எல்லாம் சேர்த்து இரண்டு பூச்சிக்குக்கூடக் காணாது. இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தோம். திட்டில் ஊறுகாய் பாட்டில், கழுத்து வரை நிரம்பி, வெயிலில் ஜொலித்துக்கொண்டிருந்தது.

நான்தான் போனேன். சரோஜம்மா ஜிம்மிக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தார். வளைக்காமல் சொன்னேன். அந்த பாட்டில் வேண்டும், அது இல்லாவிட்டால் ஆர்டர் போய்விடும், ஆர்டர் போனால் சார் அறையைக் காலி செய்துவிடுவார், நாங்கள் போய்விடுவோம் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு மண்டையில் அடித்தது. அந்த அம்மாள் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருப்பதே அதைத்தானே!

அவர் சிரிக்கவில்லை. கையைக் கழுவினார். "மேலே அப்புறம் யாரு வருவாங்க?" என்றார்.

"யாராவது ஐ.டி. பசங்க வருவாங்கம்மா. தொந்தரவே இருக்காது. காலையில போனா ராத்திரிதான் வருவாங்க."

"ம்."

"மகன் சாட்சியைப் பாத்தாராம்மா?"

"எல்லி, எங்கே பாத்தான்? பாட்டிலை எடுத்து போன் முன்னாடி வச்சா, மீட்டிங் அம்மா, அப்புறம் கூப்பிடறேன்னுட்டு வச்சுட்டான். எல்லா சண்டேயும் மீட்டிங்." பாட்டிலை எடுத்து முந்தானையால் துடைத்தார். "எந்த ஊருக்கு அனுப்பறீங்க?"

கனடாவுக்கு என்று சொன்னேன். அவர் அப்படியே நின்றுவிட்டார். பாட்டிலுக்குள் ஜிகினாவோடு பின்னிக் கிடந்த பழுப்பு முடியைப் பார்த்தார், பிறகு காலடியில் வாலாட்டிக்கொண்டிருந்த ஜிம்மியைப் பார்த்தார். பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு, குனிந்து நாயின் காதைத் தடவிச் சொன்னார்:

"இதோ பாருடா, அண்ணன் உன்னையும் என்னையும் இன்னைக்கு வரைக்கும் அங்க வரச்சொல்லிக் கூப்பிடல. உன் முடியாவது போய் அவன் ஊரைப் பாத்துட்டு வரட்டும்."

கை கேட்கவில்லை

பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, இரண்டு சொட்டு ஷாம்பூ விட்டுக் குலுக்கினோம். விளக்குமாற்றுக் குச்சியும், ஒரு ஊக்கும், ஒரு ஸ்டிக்கர் பொட்டும் தனியே வந்தன. வடிகட்டி, துணியில் பரப்பி, ஃபேனை நிறுத்திவிட்டு (இப்போது புத்தி வந்திருந்தது) காயவைத்தோம். காய்ந்து வந்த கலவையைப் பார்த்து டென்னிஸ் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பழுப்பு முடிக்குள்ளே எங்கேயோ ஒரு இழை மின்னி, உடனே மறைந்தது. குளத்தடியில் நிஜப் பூச்சி இப்படித்தான் இருக்கும் என்றார்.

கட்டுவதுதான் கஷ்டம். ரெஜினாவுக்குச் சிட்டிகையில் பாதி எடு என்றால் விரல் கூச்சப்படுகிறது. இடைவெளி விட்டுச் சுற்று என்றால், யார் வீட்டுக் கல்யாணத்தையோ கெடுக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சுற்றுகிறாள். எனக்கு இன்னும் மோசம். கட்டின பூச்சியை ஊசியால் கிளறி, இழைகளைக் கலைத்துவிட வேண்டும். வாழ்க்கை முழுக்கப் பிசிறு வெட்டின கையை வைத்துக்கொண்டு பிசிறு உண்டாக்குவது எப்படி என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? கத்தரி தானாக என் கைக்கு வந்தது. சார் அதைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு டஜன் முடிந்ததும் பார்த்தோம். மழையில் நனைந்து தலை துவட்டாமல் ஓடி வந்த மாதிரி நின்றன. இதை அனுப்பவே வெட்கமாக இருக்கிறது என்றேன். அனுப்பினோம்.

பதில் வருகிற வரை நாங்கள் சண்டை போட்டுக்கொள்ளாமல் இருந்தோம், அதிலிருந்தே நிலைமை தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் செல்போன் டிங் என்றது. சார் வாசித்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்து வாசித்தார். ஆர்டர் கொடுத்துவிட்டார்! வருஷத்துக்கு. ரெஜினா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கதவு தெரிந்தது, என் மகளுக்கு மூன்று மணிக்குத் திறக்கிற கதவு. ஆனால் கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. ஜிகினாவோடு கலந்திருக்கும் அந்தப் பழுப்பு முடி எந்த விலங்குடையது, ஏதும் தடை செய்யப்பட்டதில்லையே என்று. சார் வெகுநேரம் யோசித்து ஒரு பதிலை அடித்து, எங்களுக்கு வாசித்துக் காட்டினார். அவர் பொய் சொல்ல மாட்டார்:

"வீட்டு விலங்கு. நீள முடி. தானாக உதிர்கிறது. கூரியர்காரரைக் கண்டால் மட்டும் ஆகாது."

நாலு நாள்

இப்போது வேலை ஒழுங்காக நடக்கிறது. புதுப் பாக்கெட்டுகள் வந்துவிட்டன. சரோஜம்மா ஜிம்மியைத் தினமும் சீப்பால் வாரி, முடியைச் சின்னக் கவரில் போட்டுப் படிக்கட்டில் வைத்துவிடுகிறார். அதன்மேல் கன்னடத்தில் தேதி எழுதியிருக்கும். ஒவ்வொரு பார்சல் போகும்போதும், எப்போது போய்ச் சேரும், அங்கே இப்போது பனியா வெயிலா என்று கேட்பார். மகனிடம் விஷயத்தைச் சொன்னாராம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு மீட்டிங் இல்லை. அரைமணி நேரம் நாயைப் பற்றியே பேசினானாம்.

நாங்களும் திருந்தினோம். ஜன்னலுக்கு வலை அடித்தோம், மேசை விளிம்பில் துணிப்பை தைத்து மாட்டினோம், ஃபேனை நிறுத்தியே வைத்தோம். ஒரு இழை கீழே போவதில்லை. வீட்டுக்காரம்மாவுக்கு நிம்மதி கொடுத்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன வாரம் மத்தியானம் படியேறுகிற சத்தம் கேட்டது. முன்னால் ஜிம்மி, பின்னால் சரோஜம்மா. கையில் விளக்குமாறு. நான் பயந்து எழுந்து நின்றேன். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். வலையைப் பார்த்தார், துணிப்பையைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார். முகம் சுருங்கிப் போயிற்று. ரெஜினா இழுத்துப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, ஜிம்மியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏன்மா, நாலு நாளா கீழே ஒண்ணுமே விழல? நான் என்ன சொல்லிக்கிட்டு மேலே வர்றது?"

மறுநாள் ரெஜினா ஜன்னல் வலையில் ஒரு ஓரத்தைக் கத்தரித்து விட்டாள், நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மீனைப் பிடிப்பதற்கென்று கனடாக்காரர் கேட்ட இந்த ஜிகினா இதுவரை ஒரு ஃபாதரையும், ஒரு ஸ்வெட்டரையும், ஒரு வீட்டுக்காரம்மாவையும் கெட்டியாகப் பிடித்துவிட்டது. மீனைப் பற்றி மட்டும் எனக்கு இன்னும் தகவல் வரவில்லை.